நாற்பதும் தொண்ணூறும்

கிரானைட் கொழித்த காலத்தில் மேலூர்ப் பட்டறைகளில் எண்ணெய் சாஸ்திரம் இரண்டே வரி. எஞ்சினா, நாற்பது ஆயில். கியரா, தொண்ணூறு ஆயில். எங்கள் ஃபோர்க்லிஃப்ட்டில் கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் டிரான்ஸாக்சிலாக இருந்தன. முன்னால் டார்க் கன்வெர்ட்டர். அதற்கு மெல்லிய சிவப்பு ஏடிஎஃப்தான் ஊற்ற வேண்டும் என்று புத்தகம் சொன்னது. மேஸ்திரி புத்தகத்தை வாங்கி ஸ்பானருக்கு அடியில் விரித்தார். "கியர் இருக்குல்ல தம்பி? பெறகென்ன?"

தொண்ணூறு குடித்த வண்டி காலையில் நகராது. கன்வெர்ட்டரில் எஞ்சினின் சுழற்சியைக் கடத்துவதே எண்ணெய்தான். கிளட்ச் தகடுகளை இறுக்குவதும் அதன் அழுத்தம்தான். கெட்டி எண்ணெயைச் சல்லடை வழியே உறிஞ்ச முடியாமல் பம்ப் முனகும். "மார்கழிப் பனி" என்பார் மேஸ்திரி. பத்து மணிக்குள் எண்ணெய் சூடாகி இளகி வண்டி ஓடிவிடும். அவர் வாக்கு பலித்துவிடும். சித்திரையிலும் அதே முனகல் கேட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஃபில்டர் கதை இன்னும் மோசம். கம்பிச் சல்லடையைக் கழுவி மாட்டலாம். காகித ஃபில்டரைத் தூக்கி எறியத்தான் வேண்டும். அவர் இரண்டையும் ஒரே டீசல் வாளியில் முக்கி, சுவரில் தட்டி, வாயால் ஊதி மாட்டுவார். மேலூர்க் காற்றில் பாதி கல்தூள். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7, சாதாரண இரும்பைக் கீறிவிடும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வடிகால் பிளக்கின் காந்தத்தை விரலால் தடவி, "மூக்குப்பொடி மாதிரி இருந்தா பயமில்ல, செதில் வந்தா செலவு" என்பார். அதில் அவர் தப்பியதே இல்லை.

2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் கிரானைட் முறைகேடு பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து குவாரிகள் பூட்டப்பட்டன. 2014-ல் உயர் நீதிமன்றம் அதை விசாரிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தது. வண்டி கொட்டகையில் நின்றது. மணி மீட்டர் ஓடவில்லை, பிறகு எண்ணெய் எதற்கு மாற்ற வேண்டும் என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான், ஈரத்துக்கு மட்டும் அது தெரியவில்லை. திறந்தபோது எண்ணெயில் தண்ணீர் கலந்து வெளுத்திருந்தது.

இப்போது கையுறையோடு ஒரு பையன் வருகிறான். ஆயிரம் மணியோ ஆறு மாதமோ, எது முந்துகிறதோ அப்போது. எண்ணெய் சூடாக இருக்கும்போதே வடிக்கிறான், புது ஃபில்டர், புது ஓ-ரிங் போடுகிறான். ஊற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, கன்வெர்ட்டர் நிரம்பியதும் குச்சியில் அளவை மறுபடி பார்க்கிறான். ஒரு குறையும் சொல்ல முடியாது. காந்தத்தைப் பார்த்தாயா என்றேன். "அது செக்லிஸ்ட்ல இல்ல சார்."

முன்பெல்லாம் வடித்த எண்ணெய் துளி வீணாகாது. கதவுக் கீலுக்கு, வேலிக்காலுக்கு, சொறி பிடித்த நாய்க்கும்கூட. நாயிடம் யாரும் கேட்டதில்லை. 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் போக வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் அதில் பொறுப்பு உண்டு. போன முறை பையன் டிரம்மை மூடி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தொழுவத்துப் பெரியவர் பாட்டிலோடு வந்து நின்றார். சட்டத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னான். கேட்டுக்கொண்டவர் பாட்டிலை நீட்டியபடியே சொன்னார்: "சரிப்பா. கரையானுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிச்சிரு."