பலகை மாட்டினால் போதாதா?

கேள்வி: இங்கிலாந்தில் கிராமத்துத் திருச்சபைப் பள்ளி தன் நோக்கத்தை எப்படி வகுக்கிறது? சுவரில் பலகை மாட்டினால் போதாதா?

பதில்: பலகைக்கு ஆணி போதும், நோக்கத்துக்குப் போதாது. இப்பள்ளிகளுக்கு மூலம் 1811-இல் தொடங்கிய தேசியச் சங்கம். இங்கிலாந்துத் திருச்சபை 2016-இல் வெளியிட்ட கல்விநோக்கு ஞானம், எதிர்நோக்கு, சமூகம், மாண்பு என நான்கைச் சொல்கிறது. அதை அப்படியே நகலெடுப்பது வீண். தலைமையாசிரியர், நிர்வாகக் குழு, குருவானவர், பெற்றோர் கூடி, ஊரின் தேவைக்குப் பொருந்தும் விவிலியப் பகுதியிலிருந்து நோக்கத்தை எழுதுகிறார்கள். அந்த நோக்கத்தோடு சேரும் விழுமியங்கள் மூன்று நான்கு போதும். பத்தானால் சிறு பள்ளியில் வகுப்புகளைவிட விழுமியங்களே அதிகமாகிவிடும்! திருச்சபைப் பள்ளிகளுக்கான சையம்ஸ் என்னும் ஆய்வுக்கு வரும் ஆய்வாளர் பலகையோடு நிற்பதில்லை. அந்த நோக்கம் பாடத்திலும் வழிபாட்டிலும் ஒருவரையொருவர் நடத்தும் விதத்திலும் தெரிகிறதா என்று பிள்ளைகளிடமே பேசிப் பார்க்கிறார். பிள்ளைகளோ ஒத்திகைக்கு அடங்காதவர்கள்.