மலக்குழி மோட்டார்: மூலமும் உரைகளும்

பாயிரம்

எந்த நூலுக்கும் முன்னால் பாயிரம் வேண்டும். ஆக்கியோன் பெயர், நூல் வழங்கும் எல்லை, கேட்போர், பயன் எல்லாவற்றையும் அதில் சொல்லியாக வேண்டும் என்பது மரபு. ஆக்கியோன் பெயரைக் குடும்ப மானம் கருதி விட்டுவிடுகிறேன். எல்லை, மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு. துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே. கேட்போர், தெருவில் ஜல்லி கொட்டும் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குகிறவர்கள். பயன், வயிறு கலங்கினால் அவர்கள் போவதற்கு வீட்டிலேயே ஓர் இடம் இருப்பது.

தலைப்பில் 'மூலம்' என்று இருப்பதற்கு மருத்துவர்கள் வேறு பொருள் சொல்வார்கள். இந்தத் துறையில் அதுவும் முற்றிலும் விலக்கத்தக்கதன்று.

என் தகப்பனார் 1971-இல் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வர வேண்டும். இன்று இரண்டு படி இறங்கி வர வேண்டும். வீட்டை யாரும் ஓர் அங்குலம்கூட இறக்கவில்லை. தெருதான் தார்மேல் தாராக வளர்ந்தது. நம் கொத்தனார்களுக்கு 'பேஸ்மட்டம்' என்றால் வீட்டைத் தூக்கி நிறுத்தும் அடித்தளம். அமெரிக்காவில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் அறை. அரை நூற்றாண்டில் எங்கள் வீடு முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு வந்து சேர்ந்தது. கடப்பாரை இல்லாமல் நடந்த சொற்பொருள் மாற்றம் இது.

இதில் பெருமைப்பட இடம் உண்டு. மொகஞ்சதாரோவிலும் நூற்றாண்டுகள் போகப் போகத் தெரு மட்டம் ஏறியது. அங்கே வடிகாலின் பக்கச் சுவர்களை மேலும் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். தெரு ஏறினால் வடிகாலையும் ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

மோட்டார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தெரு உயர்ந்தால் என்ன, பூமிக்குள் ஓடும் டிரைனேஜ் குழாய் பழைய ஆழத்தில்தானே இருக்கிறது என்பார்கள். நியாயமான தடை, விடை சொல்கிறேன். குழாய் ஏறவில்லை, ஆனால் மேன்ஹோல் மூடி ஏறிவிட்டது. ஐப்பசி மழையில் தெருக் குழாய் நிரம்பினால் கழிவுநீர் வெளியேற ஒரு வாய் தேடும். இருப்பதிலேயே தாழ்ந்த வாய் எதுவோ அதன் வழியே வரும். 1971-இல் அது தெரு மேன்ஹோல். இப்போது அது எங்கள் குளியலறை. 'சார், டிரைனேஜ் ரிவர்ஸ் எடுக்குது' என்று பிளம்பர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே பழைய வெளிக்குழாயை அடைத்து, வீட்டுக் கழிவையெல்லாம் பின்கட்டில் ஒரு குழியில் சேர்த்து, மோட்டார் போட்டுத் தெரு மட்டத்துக்கு மேலே தூக்கி, அங்கிருந்து வளைத்துத் தெருக் குழாயில் விட வேண்டியிருக்கிறது. மேலே தூக்கிக் கீழே விடுவது வீண்வேலை போலத் தோன்றும். அந்த வளைவு தெருவைவிட உயரமாக இருப்பதால்தான் தெரு உள்ளே வராமல் இருக்கிறது.

சொல்லாராய்ச்சி

அயல்நாட்டுக் கையேடுகளில் இந்தக் கருவிக்கு 'எஜெக்டர் பம்ப்' என்று பெயர். வெளித்தள்ளி எனலாம். பெயர் வந்த வழி சுவையானது. வேல்ஸ் நாட்டு ரெக்ஸ்ஹாமைச் சேர்ந்த ஐசக் ஷோன் என்பவர் 1878-இல் ஒரு காற்றழுத்த எஜெக்டருக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் இரும்புக் கலம். கழிவு தானாக வந்து அதில் நிரம்பும். நிரம்பியதும் உள்ளே ஒரு மிதவை எழுந்து வால்வைத் திறக்கும். அழுத்திய காற்று பாய்ந்து மொத்தத்தையும் மேலே தள்ளும். சுழலும் இறக்கை கிடையாது. ஆகவே எதுவும் எளிதில் சிக்காது. லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தில் 1888-இல் இதைப் பொருத்தினார்கள். நூறாண்டு தாண்டியும் அங்கே வேலை செய்தது. ரங்கூன் நகருக்கும் 1880களின் இறுதியில் ஷோன் முறைதான் போனது. நம்மவர் பலர் ரங்கூனில் பொருள் தேடிய காலத்தில், அந்நகரில் அவர்கள் விட்டுவந்த அனைத்தையும் தள்ளியது இந்தக் கருவியே.

இன்று கடையில் எஜெக்டர் என்று விற்பதில் அந்தக் காற்று இல்லை. மோட்டாரும், அது சுழற்றும் இம்பெல்லர் என்ற இறக்கையும்தான் உள்ளன. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொரு குழப்பம் எங்கள் வீட்டில் நேர்ந்தது. அமெரிக்கப் புத்தகத்தில் 'சம்ப்' என்றால் அழுக்கு நீர் சேரும் பள்ளம். சென்னையில் சம்ப் என்றால் குடிதண்ணீர் நிற்கும் தரைத்தொட்டி. "சம்ப்ல ஒரு சீவேஜ் மோட்டார் இறக்கணும்" என்று நான் புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னதும், என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். "என்னங்க சொல்றீங்க?" என்ற அந்தக் குரலை இங்கே எழுத்தில் தர முடியாது. வட்டார வழக்கின் முக்கியத்துவத்தை அன்று உணர்ந்தேன்.

ஊரும் இதையேதான் செய்கிறது என்பது எனக்கு ஆறுதல். சென்னை தட்டையான ஊர். சரிவை நம்பினால் சாக்கடை நகராது. அதனால் வீட்டுக் கழிவு ஒரு நீரேற்று நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கித் தூக்கி விடப்பட்டு, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. எங்கள் முருங்கை மரத்தடி மோட்டார் அந்த வரிசையில் முதலாவது. இதற்காக எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

நூற்பாவும் உரைகாரர்களும்

மோட்டாரோடு வந்த கையேடுதான் மூல நூல். ஒற்றைத் தாள், ஈரத்தில் ஒட்டி, மடிப்பில் கிழிந்து, பாதி வரிகள் சிதைந்தன. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வின் பொறுமை எனக்கில்லை. வாங்கிய கடையோடு தேடலை நிறுத்திக்கொண்டேன். ஆகவே மோட்டாரை இறக்கியவர் அன்று வாய்மொழியாகச் சொன்ன நூற்பா ஒன்றே நமக்குக் கிடைத்த ஆதாரம்: "பந்து தூக்கினா ஓடும், இறங்கினா நிக்கும்."

சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்னும் இரண்டு அழகுகளும் இதில் முழுமையாக உள்ளன. பந்து என்றது ஃப்ளோட் சுவிட்சை. தூக்கினால் என்றது குழி நிரம்பி நீர் அதை எழுப்புவதை. இறங்கினால் என்றது நீர் வடிந்து அது சாய்வதை. 'எதுவரை இறங்கினால்' என்று நூற்பா சொல்லாமல் விட்டது. அதை உரையில் வருவித்துக்கொள்க. மோட்டாரின் உடம்பு முங்கியிருக்கும்போதே அது நின்றுவிட வேண்டும். சுற்றியுள்ள நீர்தான் அதற்குக் குளிர்ச்சி. உலர்ந்து ஓடினால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, அதாவது காயில், கருகும்.

இனி உரைகள். ஒரு தீபாவளிக்கு முந்திய நாள் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது, சுற்றவில்லை. முதல் உரைகாரர் வந்து காது வைத்துக் கேட்டார். "காயில் போயிடுச்சு சார். ரீவைண்டிங் பண்ணணும்." காரணம் கேட்டேன், அனுபவம் என்றார். தன் கொள்கையை மட்டும் சொல்லும் 'தன்கோட் கூறல்' என்ற உத்தி இது.

இரண்டாம் உரைகாரர் மாலையில் வந்தார். வந்ததும் "இதுக்கு முன்னாடி யார் சார் பார்த்தது?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் குழாய், மின்சாரம், தச்சு எத்துறையாயினும் எல்லா உரைகளும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. பதில் எதுவானாலும் அவர் உச்சுக் கொட்டுவார். முன்னோர் உரையை மறுத்தல் என்னும் இம்மரபு எங்கள் பின்கட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காயில் போயிருந்தால் முனகல்கூட வராது, அல்லது ஃப்யூஸ் போகும் என்பது அவர் வாதம். "கெப்பாசிட்டர் வீக்." மாற்றினார். மோட்டார் முன்னிலும் இனிமையாக முனகியது.

மூன்றாம் உரைகாரர் எதுவும் பேசவில்லை. மெயினை அணைத்தார். அணைத்த சுவிட்சில் காகிதம் ஒட்டி 'தொடாதே' என்று எழுதினார். சங்கிலியைப் பிடித்து மோட்டாரை மேலே இழுத்து, ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவி, அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினார். இம்பெல்லரைச் சுற்றி மாப்பு நூல் ஒரு பந்து, அதனோடு தலைமுடி, அதற்கும் உள்ளே குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள். என் மகள் பேத்தியோடு வந்து தங்கிய மாதம் எது என்பதை அதை வைத்தே கணித்துவிடலாம். அகழாய்வுக்காரர்கள் அடுக்குகளைக் கொண்டு காலம் கணிப்பதும் இப்படித்தான். ஈரத்தாள் பொட்டலத்தில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று அச்சிட்டிருந்தால் அது பாட பேதம்; கொள்ளற்க.

மூன்றாமவரை உரையாசிரியர் என்று சொல்லலாம். மற்ற இருவரும் மூலத்தைப் பார்க்காமல் உரை எழுதியவர்கள்.

அடுத்த ஆண்டு வேறொரு வழு. மோட்டார் அடிக்கடி தானாக எழுந்து ஓடியது. இரவெல்லாம் யாரோ இருமுவது போல. மேலேறும் குழாய் இரண்டரை அங்குலம், உயரம் பத்தடி. கணக்குப் போட்டால் அதற்குள் நிற்கும் நீர் ஏறத்தாழ 10 லிட்டர், ஒரு வாளி. அந்த வாளி திரும்பி விழாமல் தடுப்பது என்.ஆர்.வி. என்கிற ஒருவழி வால்வு. அதன் மடலில் ஏதோ மாட்டி, மூடாமல் நின்றிருக்கிறது. போதாக்குறைக்கு முன்னொருவர் பந்தின் ஒயரைச் சுருக்கிக் கட்டியிருந்தார். ஒரு தடவைக்கு மூன்று வாளி ஏறும். அதில் ஒரு வாளி உடனே இறங்கும். குளியலறைக் குழாய் ஒழுகினால் கேட்கவே வேண்டாம். சிசிபஸ் என்ற கிரேக்கன், மீண்டும் மீண்டும் கீழே உருண்டு வரும் கல்லை மலைமேல் உருட்டினானாம். அவனுக்கு மின் கட்டணம் வரவில்லை.

மூன்றாம் வழுதான் ஆராய்ச்சியாளருக்கு விருந்து. மோட்டார் சுற்றுகிறது, அடைப்பில்லை, வால்வு நலம். நீர் மட்டும் ஏறவில்லை. காற்று பிடித்திருக்கிறது. இம்பெல்லர் அறையில் காற்று சிக்கினால் அது காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குப் பெரியோர் கண்ட பரிகாரம், வால்வுக்குக் கீழே குழாயில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு விடுவது. காற்று அதன் வழியே போய்விடும். மோட்டார் ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் பீச்சியடிக்கும், குழிக்குள்தானே, பாதகமில்லை. எங்கள் குழாயிலும் அந்தத் துளை இருந்தது. பிற்கால உரைகாரர் ஒருவர், லீக் என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்து, அதற்கு நூறு ரூபாயும் வாங்கிப்போயிருந்தார். மூலத்தில் இருந்த புள்ளியைப் பிழை என்று எண்ணி நீக்கிய பதிப்பாசிரியர் அவர்.

மின்வெட்டுப் பற்றிச் சுருக்கமாக. நகரங்களுக்கான குடிநீர் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசுப் பொறியாளர்களின் கணக்கு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகும் என்று கொள்வார்கள். நான்கு பேருக்கு 432 லிட்டர். எங்கள் குழியில் மிச்ச இடம் 300. ஆக, பதினாறு மணி நேரம் தாங்கும். என் மைத்துனர் குடும்பம் வந்தால் எட்டு. இன்வெர்ட்டர் இந்த மோட்டாரை இழுக்காது. மைத்துனரிடம் இதைச் சொல்லவும் முடியாது. மொட்டை மாடி மழைநீர்க் குழாயையும் இதே குழியில் விட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அவர்கள் முதலில் அதைப் பிரிக்கட்டும்.

புறனடை

விளையாட்டை இங்கே சற்று நிறுத்துகிறேன். வால்வு கெட்ட அன்று ஒருவர், "ஒரு பையனைக் கூட்டிட்டு வரேன் சார், உள்ள இறங்கிப் பார்த்துருவான்" என்றார். குழி ஐந்தடிதான். ஆனால் அதில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரம்தான் ஆள் விழும் நேரம். இப்படிப் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. சங்கிலி கட்டி மோட்டாரை மேலே இழுப்பதும், வால்வை மூடிக்கு அருகே கை எட்டும் உயரத்தில் யூனியன் என்ற கழற்றக்கூடிய இணைப்புப் போட்டு வைப்பதும், யாரும் இறங்கக் கூடாது என்பதற்காகத்தான். நான் அந்தப் பையனை வர வேண்டாம் என்றேன். லாரி வந்து உறிஞ்சும்வரை மூன்று நாள் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய் வந்தோம்.

மூடி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும்; குழியின் காற்றுக்குத் தனிக் குழாய் மாடிக்கு மேலே போக வேண்டும்; கேபிள் இணைப்பு குழிக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையேல் மின்கசிவைக் கண்டால் அணையும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் அடிக்கடி விழும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைப்பவர்கள் அதைக் கான்கிரீட்டில் கட்டிப் போடட்டும். நிலத்தடி நீர் ஏறும் கார்த்திகையில் காலியான 500 லிட்டர் தொட்டி அரை டன் விசையோடு மேலே கிளம்பும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதை நம்பாத ஒருவரின் தொட்டி எங்கள் தெருவிலேயே துளசி மாடத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். இக்கட்டுரை முடியும் தறுவாயில் எங்கள் தெருமுனையில் ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது. சுரண்டும் இயந்திரத்தை இன்னும் காணவில்லை. அதை எங்கேனும் பார்த்த வாசகர்கள் எங்கள் தெருவுக்கு வழி காட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.