முன்வினைக்கு இரண்டு சொட்டு

இந்தியர்கள் முற்பிறவியில் பாவம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். தேதியோடு சொல்கிறேன்: 2011 ஜனவரி 13. அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு இளம்பிள்ளைவாதம் கண்டது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி இந்த நாட்டில் முடக்கிய கடைசிக் குழந்தை அதுதான். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. கால் சூம்புவது போன பிறவியின் பாவத்தால் என்பது நம் ஊர்ப் பிரசங்கிகளின் சித்தாந்தம். அப்படியானால், 1995-இல் பல்ஸ் போலியோ முகாம் தொடங்கியதிலிருந்து நம் முற்பிறவிகளின் ஒழுக்கம் ஏறியும் இறங்கியும் உயர்ந்து, 2011-இல் பூரணமடைந்திருக்கிறது! ஜென்ம ஜென்மமாய்ச் சேர்ந்த வினையைத் தீர்க்க இரண்டு சொட்டு போதும், அதையும் பேருந்து நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், பரிகாரக் கடைகள் எல்லாம் அன்றே ஷட்டரை இறக்கியிருக்கும்.

நான் அந்தத் தேதிக்கு முன்னாலேயே பிறந்து தொலைத்த பாவி. இடது காலில் காலிப்பர், கையில் கோல். என்னைப் போன்ற பாவிகளை அரசாங்கமும் வகை பிரித்து வைத்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை. எந்தப் பாவத்துக்கு எந்த வகை என்று அட்டவணை போடத்தான் இன்னும் ஆளில்லை. அந்த வேலைக்கு மனுப் போட்டவர்கள் மட்டும் உண்டு. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளர் மாணவிகளை உட்காரவைத்து இந்தக் கர்மக் கணக்கைத்தான் பாடம் எடுத்தார். எழுந்து நின்று மறுத்தவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். கண்ணுள்ள நிர்வாகம், காணொளி ஊரெல்லாம் பரவிய பிறகுதான் விழித்துக்கொண்டது.

உடனே என்னைப் பகுத்தறிவு முகாமில் சேர்த்துவிடாதீர்கள். நான் சாமி கும்பிடுகிறவன். காலைச் சரியாக்கிக் கொடு என்று கேட்டுக்கேட்டுக் கும்பிட்ட வயது உண்டு. பிறகு கேட்பது நின்றது, கும்பிடுவது நிற்கவில்லை. எதையும் கேட்காமல் அவன் முன்னால் நிற்கப் பழகிய பிறகுதான் இது என் கால் ஆனது. அதுவரை அது டாக்டர்களின் கேஸ், அம்மாவின் கண்ணீர், உறவுக்காரர்களின் ‘உச்’. என்னை எனக்குக் கொடுத்தது பக்தி. அதற்காக, அந்த பக்தியை ரசீதாக்கி, ‘அவரே ஏத்துக்கிட்டாரு, நமக்கென்ன’ என்று நீங்கள் கையெழுத்து வாங்கிக்கொள்ள வராதீர்கள்.

இதில் மதபேதம் பார்ப்பதற்கில்லை. சுகமளிக்கும் கூட்டத்தில் தலைமேல் கைவைத்து ‘எழுந்து நட’ என்பார்கள். நடக்காவிட்டால், ஜெபித்தவரிடம் குறையில்லை. நமக்குத்தான் விசுவாசம் போதாது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னது யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒலிபெருக்கி சத்தத்தில் கேட்கவில்லை போலும். ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் விடுதி ஒன்று சங்கிலியில் கட்டி வைத்திருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அது தீப்பிடித்தது. 28 பேர் செத்தார்கள். சங்கிலி கூடாது என்று மனநலச் சட்டத்தில் எழுத 2017 வரை ஆனது. இங்கே எனக்கு நையாண்டி வரவில்லை.

சைவர்களுக்கு என்ன சாக்கு? பெரியபுராணத்திலேயே எங்கள் ஆள் இருக்கிறார். தண்டியடிகள், பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் குளம் தூர்ந்து கிடந்தது. அவர் குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவித்தடவி நடந்து மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டினார். கடைசியில் அவருக்குப் பார்வை வந்த அற்புதத்தில்தான் பிரசங்கிக்குக் குரல் தழுதழுக்கும். எனக்கோ அந்தக் கயிறு போதும். கண் வரட்டும், அப்புறம் தொண்டு செய்கிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. கண்ணில்லாத தன்னை அப்படியே வைத்துக்கொண்டு, தனக்கு ஏற்றபடி குளத்தை மாற்றினார். அந்தக் கம்பையும் கயிற்றையும் பிடுங்கிப் போட்டது மாற்றுச் சமயத்தார் என்கிறது புராணம். இன்று கோயில் சாய்தளத்தின் மேல் பைக்கை நிறுத்துகிறவர், அதிலேயே பூக்கடைக்கு இடம் கொடுக்கிறவர் எல்லாம் நெற்றி நிறைய நீறு பூசிய நம்மவர்கள்தான்.

சுந்தரருக்குத் தண்டனையாகத்தானே கண் போனது என்பீர்கள். ஆமாம், மனைவி சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் ‘பிரியேன்’ என்று கொடுத்த வாக்கை மீறியதற்காக. இந்தப் பிறவியின் குற்றம், நேருக்கு நேர் சாட்டியது. போன பிறவிக் கதையெல்லாம் இல்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. எல்லாம் நன்மைக்கே என்று வாங்கிக்கொண்டு வாய்மூடிப் போனாரா? விடாமல் பாடிப்பாடிக் காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று வாங்கினார். திருவாரூரில் சிவனைப் பார்த்து அவர் பேசிய எகத்தாளத்தை இன்று ஒரு பக்தன் வாசலில் நின்று பேசினால், மனம் புண்பட்டதென்று மாலைக்குள் வழக்குப் போடுவார்கள். அன்று சிவன் புண்படவில்லை. திருமுறையில் சேர்த்துக்கொண்டார்.

அந்த பக்தியின் வாரிசாகக் கோயிலுக்குப் போகிறேன். ‘தோல் வச்ச காலிப்பர், கழட்டுங்க.’ கழற்றினால் நான் நடக்க முடியாது. ‘அப்போ நாலு பேர் தூக்கிட்டுப் போறோம்.’ தூக்கினால் அவர்கள் கணக்கில் புண்ணியம், என் கணக்கில் அவமானம். வாசலில் ஓரமாக உட்கார்ந்தால் மடியில் சில்லறை விழுகிறது. போட்டவர் நான் நிமிர்வதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். ஒரு கோயில் அதிகாரி மெய்ஞ்ஞானமே பேசினார்: “சார், உங்களுக்கு சாமி மனசுக்குள்ளயே இருக்காரு. உள்ள வந்துதான் பாக்கணுமா?” நான் கேட்டேன்: “உங்க மனசுல இல்லாததாலயா தினமும் உள்ள போய்ப் பாக்குறீங்க?”

அற்புதம் எதுவும் வேண்டாம். அசல் கருங்கல்லை உடைக்கவும் வேண்டாம். ஒரு சாய்தளம், ஒரு கைப்பிடி, காலிப்பரோடு உள்ளே விட ஓர் உத்தரவு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக்கட்டடம் என்று சொல்வதில் வழிபாட்டுக் கட்டடமும் அடக்கம். இருக்கிற கட்டடங்களை எங்களுக்கு ஏற்றபடி மாற்ற, விதிகள் வெளியான நாளிலிருந்து 5 ஆண்டு கெடு. விதிகள் வெளியானது 2017 ஜூன். கெடு முடிந்தது 2022 ஜூன்.

என் காலை நான் ஏற்றுக்கொண்டேன். உங்கள் படிக்கட்டை ஏற்றுக்கொண்டதாக எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்யவில்லை. எங்கள் போன பிறவிக் கணக்கை எமனிடம் விட்டுவிடுங்கள். உங்கள் 5 ஆண்டுக் கணக்கு இந்தப் பிறவியிலேயே பாக்கி நிற்கிறது. அதை எடுங்கள், பார்ப்போம்.