கயிறு பிடிக்க ஒரு மச்சான்

ஸ்கூபா டைவிங் போகிறவரிடம், அவர் தண்ணீரைத் தொடும் முன்பே ஒரு படிவத்தை நீட்டுவார்கள். உள்ளே போய் எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று அதில் நாலைந்து விதமாக எழுதியிருக்கும். நம்மவர்கள் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “படகுல டிபன் உண்டா?” என்பார்கள்.

பிறகு நடப்பது மாப்பிள்ளை அலங்காரம். புதுச்சேரிப் படகில் ஒரு தம்பி முதுகில் சிலிண்டரை மாட்டுவார், இன்னொருவர் இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட்டைக் கட்டுவார், மூன்றாமவர் குனிந்து காலில் துடுப்பைப் போட்டுவிடுவார். மாப்பிள்ளை செல்ஃபிக்குச் சிரிப்பார். காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், “அதெல்லாம் தம்பி பாத்துக்குவாரு.”

தம்பி பார்ப்பார்தான். ஆனால் மூச்சு இழுப்பது தம்பி அல்லவே. சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். 50 பாராவது மிச்சமிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு, 20 மீட்டரில் மும்மடங்கு. காற்றும் அதே கணக்கில் தீரும். பயந்தவருக்கு இன்னும் சீக்கிரம்.

குதிக்கும் முன் நான் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுப்பேன். வால்வு சரியாகத் திறக்காவிட்டாலும் கேஜ் 200 என்று சத்தியம் செய்யும். மூச்சை இழுத்தால்தான் முள் சரிந்து காட்டிக்கொடுக்கும். “சார், நான் செக் பண்ணிட்டேனே” என்று தம்பி முகம் சுருங்கும். “நீ பண்ணிட்ட தம்பி. கையெழுத்து நான்தானே போட்டிருக்கேன்?”

முன்பெல்லாம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்க இறங்கியவர், மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார் என்று சொல்வதுண்டு. உடன்பிறந்தவள் தாலி ஆயிற்றே, கயிற்றை விட்டுவிட்டு பீடி பற்றவைக்க மாட்டார். 1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞ்யானும் நீருக்கடியிலேயே மூச்சுவிட உதவும் அக்வாலங் கருவியை உருவாக்கி மச்சானுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ‘பட்டி’ (buddy) எனப்படும் ஜோடி டைவர். படகில் அரைமணி நேரம் முன்பு அறிமுகமானவர். நம் காற்று தீர்ந்தால் அவருடைய உபரிக் குழாயில் சுவாசிக்கலாம். அருமையான ஏற்பாடு, அவர் பக்கத்தில் இருந்தால். அவரோ கேமராவும் கையுமாக ஏதோ ஒரு மீன் முன்னால் தவம் கிடப்பார்.

இதற்கும் டைவிங் பயிற்சி தரும் பேடி (PADI) நிறுவனம் தனிப் பயிற்சி வைத்திருக்கிறது. உபரியாக இன்னொரு காற்று மூலத்தைச் சுமந்துகொண்டு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக் கற்றுத் தருவார்கள். அதில் சேர 100 டைவ் முடித்திருக்க வேண்டும். நூறு தடவை பட்டியை நம்பியும் பிழைத்து வந்தவருக்கே தன்னை நம்பும் தகுதி!

நான் சொந்த மச்சானையே பட்டியாகக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். மனைவியின் தம்பி, முறையாகப் பயிற்சி முடித்தவர். அடியில் ஒரு திருக்கையைக் கண்டதும் அதன் பின்னாலேயே போய்விட்டார். விதிப்படி ஒரு நிமிடம் தேடிவிட்டு மெதுவாக மேலேறினேன். படகில் ஏறி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் தண்ணீரில் அவர் தலை தெரிந்தது.

“எங்க மாமா போயிட்டீங்க? எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா!”

கரை சேரும் முன்பே அக்காவுக்கு போன் போயிற்று. “மாமாவ பத்திரமா மேல கூட்டிட்டு வந்துட்டேன்க்கா.”