ஏழடி வண்டி, எட்டடி பலகை

பெங்களூரு அல்சூரில் பிளைவுட் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஏழு அளவு டேப். என் சட்டைப் பையில் எட்டாவது. லோடு வண்டி வாங்கப் போன அன்று அவற்றில் ஒன்றைக்கூட நான் வெளியே எடுக்கவில்லை.

ஆராய்ச்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சிசி, முக்கால் டன் பாரம். 2011இல் பக்கத்து ஓசூரிலிருந்து புறப்பட்ட தோஸ்த் ஒன்றேகால் டன் என்று இரண்டு வாரம் வீட்டில் வகுப்பெடுத்தேன். "ஏங்க, உங்க பலகை அதுல புடிக்குமா?" என்று கேட்டாள் மனைவி. "இன்ஜினைப் பத்திப் பேசும்போது நடுவுல பலகையைக் கொண்டாராதே" என்றேன்.

பலகை எட்டுக்கு நாலு. நான் வாங்கிய ஏஸ் எனும் குட்டி யானையின் தொட்டி ஏழடிக்குச் சற்றே மேல். அகலத்தில் ஜம்மென்று உட்கார்ந்த பலகை, நீளத்தில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் வெளியே எட்டிப் பார்த்தது. பின்கதவை இறக்கி, கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டேன். சரக்கு அளவுக்கு மீறிப் பாடியைத் தாண்டி நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம். அதைப் படித்த நாள் முதல், சிக்னலில் காக்கியைக் கண்டால் பலகையே உள்ளே போய்விடும் என்பதுபோல் நான் வயிற்றை எக்கிக்கொள்ளலானேன்.

அடுத்த தவறு, பாடி. மூன்று பக்கமும் மடக்கி இறக்கும் தட்டைப் பாடி போதும் என்றார்கள். எனக்கு அது தள்ளுவண்டி போலத் தெரிந்தது. பக்கச் சுவரை உயர்த்தி, ஆங்கிள் அடித்து, பின்பக்கம் மட்டும் திறக்கும்படி கட்டச் சொன்னேன். "என்ன லோடு சார் ஏத்துவீங்க?" என்று கேட்டார் பாடி கட்டுபவர். "எல்லாமே" என்றேன். "எல்லாத்துக்கும் ஒரே பாடி கிடையாது சார்" என்றார். தொழில் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

19 மில்லிமீட்டர் பலகை ஒன்று நாற்பது கிலோவை நெருங்கும். தட்டைப் பாடியாக இருந்தால் இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று அப்படியே வைத்துவிடலாம். என் கோட்டைக்குள் பின்வாசல் வழியாக மட்டும்தான் செருக முடியும். ஒருவர் உள்ளே குனிந்து இழுக்க, இன்னொருவர் வெளியிலிருந்து தள்ள வேண்டும். முதல் நாளே லோடுமேன் பெரியவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யானைக்குத் தொழுவம் கட்டியிருக்கீங்க சார், நல்லாருக்கு" என்றார். அது பாராட்டு அல்ல என்பது எனக்கு மாலையில்தான் புரிந்தது.

மூன்றாவது தவறு, மேற்கூரை. மூடிய பெட்டி கேட்டால் விலை ஏறுகிறது என்று தார்ப்பாயோடு நிறுத்தினேன். பெங்களூரு வானம் மதியம் மூன்று மணிக்குச் சிரிக்கும். ஐந்து மணிக்குக் கொட்டும். நீட்டிக்கொண்டிருந்த ஒன்பது அங்குலத்தைத் தார்ப்பாய் மூடவில்லை. சரியாக அந்த ஒன்பது அங்குலம் மட்டும் ஊறி உப்பிய பலகைகள் கடையின் மூலையில் இன்னும் சாய்ந்திருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்டால் "சாம்பிள்" என்கிறேன்.

போன வருடம் திருந்தினேன். ஒன்பதடித் தொட்டி உள்ள பிக்கப், மூன்று பக்கமும் மடங்கும் பாடி. இந்த முறை இரண்டு டேப் எடுத்துக்கொண்டு போனேன். நீளம், அகலம், தரையிலிருந்து தொட்டியின் உயரம் எல்லாவற்றையும் அளந்தேன். விற்பவர் அசந்துவிட்டார். எட்டடி பலகை படுத்த பிறகும் ஓர் அடி மிச்சம். கர்வத்தோடு வண்டியைக் கடைக்கு ஓட்டி வந்தேன்.

சந்து முனையில் வண்டி திரும்பவில்லை.

இப்போது பிக்கப் மெயின் ரோட்டில் நிற்கிறது. பலகைகள் தலைச்சுமையாகக் கடைக்கு வருகின்றன. பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டி இப்போ சரியாத்தான் இருக்கு சார். கடையைத்தான் அளந்து வாங்கியிருக்கணும்."