கால்குலஸ் மாறாது, விலை மாறும்

கேள்வி: ஸ்கூடாய் யூடிஎம் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த மகனின் பொறியியல் பாடநூல்களைப் பழைய புத்தக மொத்த வியாபாரி எப்போது நல்ல விலைக்கு எடுப்பார்?
– ஒரு வாசகி, ஜொகூர் பாரு

பதில்: பரீட்சை முடிந்த வாரம் மட்டும் வேண்டாம், அம்மா. விடுதியே மூட்டை கட்டும் நேரம். விலை தரையில் கிடக்கும். அடுத்த பருவம் தொடங்குமுன் கேளுங்கள். வியாபாரி அட்டையைப் பார்ப்பதில்லை; எத்தனையாவது பதிப்பு, விரிவுரையாளர் அதே நூலை மறுபடி வைக்கிறாரா, இவ்வளவுதான். புதிய பதிப்பு வருகிறதென்றால் தொடவே மாட்டார். நியூட்டன் காலத்துக் கால்குலஸ் அப்படியேதான் இருக்கிறது. பதிப்பகத்தார் பயிற்சிக் கணக்குகளின் வரிசையைக் கலைத்துப்போட்டு, பழைய பதிப்பை எடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். (அது தனிச் சாமர்த்தியம்.) மகன் ஓரத்தில் விடை எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். வியாபாரி முகம் சுளிப்பார்; ஜூனியர் மாணவர் இரண்டு வெள்ளி கூடக் கொடுப்பார்!