மனமிருந்தும் மார்க்கெட் இல்லை

கேள்வி: போர் மூண்டதும் ஆசிரியர் ஓய்வூதிய நிதியை நிர்வகிப்பவர்கள் போரில் இறங்கிய நாட்டின் பங்குகளை விற்றுவிட வேண்டியதுதானே?

பதில்: மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பார்கள், 2022-இல் மனமிருந்தும் மார்க்கெட் இல்லை! பிப்ரவரி 24-இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. 28-ஆம் தேதி மாஸ்கோ பங்குச் சந்தை திறக்கவே இல்லை. மார்ச் 24-இல் ஒரு பகுதி திறந்தபோதும் வெளிநாட்டவர் விற்கத் தடை.

1913-இல் தொடங்கிய கலிபோர்னியா ஆசிரியர் ஓய்வூதிய நிதியிடமும் ரஷ்யப் பங்குகள் இருந்தன. நல்லவேளை, மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. சாக்பீஸ் தூசியில் முப்பது வருஷம் நின்றவர்களின் பணம் அது. ஒரே நாட்டில் கொட்டிவைப்பது துரோகம். அங்கே அப்படிக் கொட்டவில்லை. மாதம் பிறந்ததும் டீச்சரம்மா கணக்கில் பென்ஷன் விழுந்தது.